நூறு சென்டிமீட்டர் முன்னே போ: மலையில் ட்ரோனும் ப்ளாக் கோடிங்கும்

மேலே எழும்பு. 100 செ.மீ. முன்னே போ. வலப்பக்கம் 90 டிகிரி திரும்பு. போவதையும் திரும்புவதையும் நான்கு தடவை செய். இறங்கு. ட்ரோன் வகுப்புகளில் பிள்ளைகள் முதலில் போடும் நிரல் பெரும்பாலும் இதுதான். எழுதுகிறார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. திரையில் இருக்கும் வண்ணக் கட்டைகளை விரலால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். ப்ளாக் கோடிங் என்பது இதைத்தான். பொத்தானை அழுத்தினால் ட்ரோன் கிளம்பி, காற்றில் ஒரு சதுரம் போட்டு, கிளம்பிய இடத்திலேயே வந்து உட்கார வேண்டும்.

உட்காராது. ஒரு சாண் தள்ளி இறங்கும், சில நேரம் ஒரு முழம் தள்ளி. ஜன்னல் திறந்திருந்தால் பெஞ்சுக்கு அடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நிரலில் தப்பே இருக்காது. கணக்குப்படி சதுரம் மூடியாக வேண்டும். மூடாமல் போன அந்த ஒரு சாணை வைத்து ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் உருப்படியான ட்ரோன் வகுப்பும் வெறும் வேடிக்கை வகுப்பும் பிரிகின்றன என்பது என் எண்ணம். நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் அந்த ஒரு சாண் சமவெளியைவிடப் பெரிதாகும். காற்று, சரிவு, மேகம், குளிர் எல்லாம் அதில் பங்கு கேட்கும்.

கட்டைக்குள் என்ன இருக்கிறது

இந்தக் கட்டைகளுக்கு வயது அதிகம். 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பாப்பெர்ட், வாலி ஃபோயர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்று லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். கொஞ்ச காலத்தில் அதற்கு ஓர் ஆமை வந்து சேர்ந்தது. முதலில் தரையில் ஊர்ந்து கோடு போடும் இயந்திர ஆமை, பிறகு திரையில் ஊரும் ஆமை. 'முன்னே 100, வலம் 90' என்று சொன்னால் ஆமை அப்படியே போகும். இன்றைய ட்ரோன் வகுப்பின் சதுரம் அந்த ஆமை போட்ட சதுரம்தான். ஆமைக்கு இறக்கை முளைத்திருக்கிறது, அவ்வளவே.

எழுத்தில் தட்டச்சு செய்த கட்டளை கட்டையாக மாறியதில் பெரிய பங்கு ஸ்க்ராட்ச் என்ற நிரல்மொழிக்கு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு அதை 2007-ல் பொதுவெளியில் விட்டது. அரைப்புள்ளி விட்டுப்போனது, அடைப்புக்குறி மூடவில்லை என்று கணினி முறைக்கிற பேச்சே அதில் இல்லை. பொருந்தாத கட்டை ஒட்டாது. ஒட்டினால் இலக்கணம் சரி. பிறகு 2012-ல் கூகுள் ப்ளாக்லி என்ற கருவித்தொகுப்பைத் திறந்துவிட்டது. 2019-ல் வந்த ஸ்க்ராட்ச் 3-ம் அதை அடித்தளமாகக் கொண்டதுதான். ட்ரோனுக்கான பல செயலிகளும் இந்த இரண்டில் ஒன்றின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் இது அந்நியமில்லை. தமிழ்நாட்டு பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் 'காட்சித் தொடர்பு' பகுதியிலேயே ஸ்க்ராட்ச் வந்துவிடுகிறது. ஸ்க்ராட்ச் திரையில் வரும் பூனையை நடக்க வைத்தவர்களுக்கு ட்ரோனை நகர்த்துவது ஓர் எட்டுதான்.

பூனைக்கும் ட்ரோனுக்கும் உள்ள வித்தியாசம் கட்டைக்குக் கீழே இருக்கிறது. வகுப்பறைகளில் மிகவும் பரவிய டெல்லோவையே எடுத்துக்கொள்வோம். ரைஸ் டெக் என்ற நிறுவனம், ட்ரோன் நிறுவனமான டி.ஜே.ஐ.-யின் பறப்புத் தொழில்நுட்பத்தையும் இன்டெலின் சில்லையும் வைத்து 2018-ல் கொண்டுவந்த சின்ன ட்ரோன் அது. எடை சுமார் 80 கிராம். அதுவே ஒரு வைஃபை வலையை உருவாக்கும். கைபேசியோ மடிக்கணினியோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். 'முன்னே 100' என்ற கட்டைக்கு முறை வந்ததும் 'ஃபார்வர்ட் 100' என்று ஒரே ஒரு வரி வைஃபை வழியாகப் போகும். ட்ரோன் அதைச் செய்து முடித்துவிட்டு 'ஓகே' என்று பதில் அனுப்பும். பதில் வந்த பிறகுதான் அடுத்த கட்டை.

நிரல் ஓடுவது கையில் இருக்கும் கருவியில், பறப்பது மட்டும்தான் ட்ரோன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வைஃபை விட்டுப்போனால் மிச்சக் கட்டைகள் ட்ரோனுக்குப் போய்ச் சேராது. 15 விநாடி எந்தக் கட்டளையும் வராவிட்டால் டெல்லோ தானாகவே இறங்கிவிடும். நிரலின் நடுவே '20 விநாடி காத்திரு' என்று ஒரு கட்டையை வைத்துவிட்டு, 'சார், நான் இறங்கச் சொல்லவே இல்லையே' என்று முழிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு செய்தியில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

'முன்னே 100' என்ற அந்த ஒரு வரியை ஒரு மீட்டர் பயணமாக மாற்றுவது ட்ரோனுக்குள் இருக்கும் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். சாய்வையும் சுழற்சியையும் உணரும் சென்சார்களை விநாடிக்குப் பல நூறு தடவை படித்து, நான்கு மோட்டார்களின் வேகத்தையும் ஓயாமல் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு விநாடி அது கண்ணசந்தால் ட்ரோன் கவிழ்ந்துவிடும். ப்ளாக் கோடிங் இந்த வேலையை முழுக்க மறைத்துவிடுகிறது. மறைப்பதால்தான் பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் பறக்கவிட முடிகிறது. அதனாலேயே, 'நான் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டேன்' என்று அந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வது பாதி உண்மை. ஓட்டியது மென்பொருள், பிள்ளை கற்றது வழி சொல்ல.

வழி சொல்வதில் முதல் சிக்கல், யாருடைய 'முன்னே' என்பது. ட்ரோனின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் அதற்கு முன். அது நம்மைப் பார்த்துத் திரும்பி நின்றால் அதன் வலம் நமக்கு இடம். ரிமோட் பிடித்து ஓட்டுகிறவர்களையும் முதலில் கவிழ்ப்பது இதுவேதான். லோகோ காலத்திலிருந்தே இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. ஒரு பிள்ளையை ட்ரோனாக நிறுத்தி, மற்றவர்கள் கட்டளை சொல்ல, அது சொன்னதை மட்டும் செய்துகொண்டே நடக்க வேண்டும். கருவியே வேண்டாம், பேட்டரியும் செலவாகாது. முக்கோணம் போடச் சொன்னால் எல்லாரும் 60 டிகிரி என்பார்கள், கணக்குப் பாடத்தில் அப்படித்தானே படித்தது. நடந்து பார்த்தால் 60 டிகிரி திருப்பத்தில் முக்கோணம் வராது, அறுகோணம் வரும். திரும்ப வேண்டியது 120. உள்கோணத்துக்கும் வெளிக்கோணத்துக்கும் உள்ள வேறுபாடு கரும்பலகையில் புரிவதைவிடக் காலில் சீக்கிரம் புரிகிறது.

சதுரம் ஏன் மூடுவதில்லை

ஒரு மீட்டர் போய்விட்டோம் என்று ட்ரோனுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள் ஜி.பி.எஸ். எடுக்காது, இந்த அளவு ட்ரோன்களில் பெரும்பாலும் அது இருப்பதும் இல்லை. வயிற்றுப் பக்கம் ஒரு சின்ன கேமரா கீழே பார்த்தபடி இருக்கும். தரையில் தெரியும் புள்ளிகள் எவ்வளவு நகர்கின்றன என்பதை வைத்துத் தான் எவ்வளவு நகர்ந்தோம் என்று அது கணிக்கிறது. பக்கத்திலேயே ஓர் அகச்சிவப்பு சென்சார் தரை எவ்வளவு தூரம் என்று அளக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தூரம் கிடைக்கும்.

ஆக, தரை எப்படி இருக்கிறது என்பது நிரலின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. மழமழவென்று தேய்த்த சிமென்ட் தரையில் கேமரா பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லை. வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் இன்னும் மோசம். சரி, ஜமக்காளம் விரிக்கலாமே என்றால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பவானி ஜமக்காளத்தின் நீளப் பட்டைகளுக்குக் குறுக்கே பறந்தால் நிறம் மாறுவது கேமராவுக்குத் தெரியும். பட்டையின் போக்கிலேயே பறந்தால் படத்தில் மாற்றமே இருக்காது. நகர்கிறோமா நிற்கிறோமா என்று அதற்குக் குழப்பம். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் கோலமும் ஏமாற்றும். பழைய செய்தித்தாள்களை தாறுமாறாக விரித்து ஓரங்களில் டேப் ஒட்டிவிடுவது இதற்கெல்லாம் மேல். எழுத்தும் படமும் கலந்து கிடப்பதில் கேமராவுக்கு வேண்டிய புள்ளிகள் ஏராளமாகக் கிடைக்கும். மழைக்காலத்து மதியத்தில் அறை இருட்டினால் விளக்கைப் போட வேண்டும், இருட்டில் கேமராவுக்குக் கண் தெரியாது.

இவ்வளவும் செய்தாலும் பிழை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று செ.மீ., ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டிகிரியோ இரண்டோ. கோணப் பிழைதான் விஷமம். இரண்டு டிகிரி தப்பினால் ஒரு மீட்டர் தூரத்தில் மூன்றரை செ.மீ. விலகும், அடுத்த பக்கம் அந்தத் தப்பிய திசையிலேயே தொடங்கும். பிழை பிழையின் தோளில் ஏறி நிற்கும். நிலம் காணாத கடலில் வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்து இடத்தைக் கணித்த மாலுமிகள் பட்ட பாடும் இதுவேதான்.

இந்த இடத்தில் பல வகுப்புகள் வேறு பக்கம் போய்விடுகின்றன. சதுரம் சரியாக வரவில்லையா, விடு, குட்டிக்கரணக் கட்டையைப் போடு என்கிறார்கள். ட்ரோன் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றும், கைதட்டல் கிடைக்கும், பெற்றோர் வீடியோ எடுப்பார்கள். குட்டிக்கரணத்தில் பிள்ளை கற்றது ஒன்றுமில்லை. ஒரே ஒரு கட்டை, எல்லாம் உள்ளே இருக்கும் மென்பொருளின் வித்தை. முதல் நாள் ஆர்வம் ஊட்ட அது இருக்கட்டும், குறை சொல்லவில்லை. கடைசி நாள் சான்றிதழ் கொடுக்கும்போதும் அதுவேதான் காட்சி என்றால் அந்த வகுப்பில் என்ன நடந்தது?

சதுரத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் அடுத்த பாடம் தானே வரும். குறுகலான சந்தில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர், 'எட்டடி பின்னே வந்து இடப்பக்கம் ஒடி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவதில்லை. பின்னாலேயே நின்று, 'வரட்டும்... வரட்டும்... லேசா ஒடி... போதும், போதும்' என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிறார். சதுர நிரல் முதல் வகை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவது. ட்ரோனின் சென்சார் எண்களைத் திரும்ப வாங்கி, அதைப் பார்த்து அடுத்த கட்டளையை முடிவு செய்யும் நிரல் இரண்டாம் வகை. பொறியியல் கல்லூரியில் கட்டுப்பாட்டியல் என்று ஒரு முழுப் பருவம் நடத்துவது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான்.

ப்ளாக் மொழிகளில் இதற்கான கட்டைகள் இருக்கின்றன, யாரும் அதிகம் தொடுவதில்லை என்பதுதான் குறை. உயரம் எவ்வளவு, தரை எவ்வளவு தூரம், பேட்டரி எத்தனை சதவீதம் என்று கேட்கும் கட்டைகள் உண்டு. அவற்றை 'இப்படி இருந்தால்', 'அதுவரை திரும்பச் செய்' என்ற கட்டைகளுக்குள் செருகினால் ஆயிற்று. 'பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்கு' என்பது நிபந்தனைக்கு நல்ல முதல் பாடம். அடுத்து, 'தரைத்தூரம் 80 செ.மீ.க்குக் குறைந்தால் 20 செ.மீ. மேலே ஏறு.' ட்ரோன் போகும் வழியில் ஒரு ஸ்டூலை வைத்துவிட்டால் அது ஏறிக் கடக்கும். ஸ்டூலை நகர்த்தி வைத்தாலும் கடக்கும், நிரலை மாற்றவே வேண்டாம். எண்ணை மட்டும் நம்பியிருந்த முந்தைய நிரலால் இது முடியாது. எத்தனையோ கட்டளைகளுக்குப் பிறகு ட்ரோன் முதல் முறையாக எதையோ 'பார்த்து' நடந்தது போலத் தோன்றும் இடம் இது. எனக்குத் தெரிந்தவரை பிள்ளைகள் உண்மையில் வாயைப் பிளப்பதும் இங்கேதான், குட்டிக்கரணத்தில் அல்ல.

மலை போடும் கணக்கு

இனி மலைக்கு வருவோம். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.225 கிலோ எடை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம்; வளிமண்டலத்தின் பொதுக் கணக்குப்படி அங்கே அது ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவு, சுமார் 0.98. அதாவது காற்றில் ஐந்தில் ஒரு பங்கு காணோம். 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் ஆறில் ஒரு பங்கு. ட்ரோன் மிதப்பது காற்றைக் கீழே தள்ளித்தான். தள்ளக் காற்று குறைந்தால் இறக்கை இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உந்துவிசை மாறுவதால், ஊட்டியில் அதே எடையைத் தாங்க இறக்கை சுமார் 12 சதவீதம் வேகமாகச் சுற்றியாக வேண்டும். சக்திச் செலவும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். காற்று வீசாத இடத்தில் 13 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் டெல்லோவுக்கு, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், உயரத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்துக்கொள்ள வேண்டும்.

இது அழகான சோதனை. மலையில் இருக்கும் பள்ளிகளுக்கு மட்டுமே வாய்ப்பது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மூடிய கூடத்தில் முழுச் சார்ஜோடு ட்ரோனை ஒரே இடத்தில் மிதக்கவிட்டு, பேட்டரி 20 சதவீதம் ஆக எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதே ட்ரோன், அதே பேட்டரி, அதே நிரலோடு ஊட்டியில் இன்னொரு முறை. பேட்டரியைக் கேட்கும் கட்டையும் நேரம் எண்ணும் கட்டையும் போதும். சென்னையில் இருக்கும் எத்தனை லட்ச ரூபாய் ஆய்வகத்திலும் இதைச் செய்ய முடியாது, மலை வேண்டும்.

குளிர் தனிக் கணக்கு. லித்தியம் பேட்டரி குளிர்ந்தால் உள்ளே வேதிவினை மந்தமாகும், உள்தடை ஏறும், சுமை விழுந்தவுடன் மின்னழுத்தம் சட்டென்று சரியும். திரையில் 60 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 'பேட்டரி குறைவு' என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டெல்லோவை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும் காலைகளில் அந்தப் பூஜ்ஜியம் ரொம்பப் பக்கம். சிக்கல் என்னவென்றால் மலையில் காற்று அடங்கியிருப்பதும் காலையில்தான். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி வரத் தொடங்கும். மதியத்துக்கு மேல் எண்பது கிராம் பொருளை வெளியில் விடுவது அதைக் காற்றுக்குத் தாரைவார்ப்பதுதான். குளிரும் காற்றும் இல்லாத இடைவெளி காலை எட்டரை, ஒன்பது வாக்கில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதுவரை பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

சரிவுதான் எனக்குப் பிடித்த பாடம். சமவெளியில் 'உயரம் 5 மீட்டர்' என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் நின்று சொன்னால், எங்கிருந்து 5 மீட்டர் என்று கேட்க வேண்டியிருக்கும். பல ட்ரோன்களில் உயரம் என்பது காற்றழுத்தத்தை வைத்துக் கிளம்பிய இடத்திலிருந்து அளப்பது. சரிவு 30 டிகிரி இருந்தால், மேட்டுப் பக்கம் 10 மீட்டர் போவதற்குள் தரை கிட்டத்தட்ட 6 மீட்டர் ஏறிவிடும். 5 மீட்டர் உயரத்தில் நேராகப் போன ட்ரோன் அதற்கு முன்னாலேயே தேயிலைச் செடிக்குள் புகுந்திருக்கும். எதிர்ப்பக்கம் பள்ளத்தை நோக்கிப் போனால் திரையில் 5 மீட்டர் என்றே இருக்கும், கீழே தரை அதலபாதாளத்தில் இருக்கும். சட்டம் சொல்லும் 120 மீட்டர் உச்சவரம்பை ஒரு முகட்டில் நின்றபடி, ஓர் அடிகூட ஏறாமலே தாண்டிவிடலாம். அந்த வரம்பு தரையிலிருந்து கணக்கு. கீழே பார்க்கும் சென்சாரை வைத்துப் பறந்தால் ட்ரோன் தரையை ஒட்டி ஏறி இறங்கும், ஆனால் அது சில மீட்டர் உயரம் வரைதான் எடுக்கும். காற்றில் அலையும் இலைகள் கேமராவின் கணக்கையும் குழப்பும். தேயிலைக்கு மருந்தடிக்கும் பெரிய ட்ரோன்கள் ரேடார் மாதிரியான கருவிகளை வைத்துத் தரையைத் தொடர்ந்து அளந்துகொண்டே போவதற்குக் காரணம் இதுதான். ஸ்டூலைத் தாண்டிய பிள்ளையின் நிரலும் அந்த ட்ரோனின் நிரலும் கருத்தளவில் ஒன்று.

மேகம் இறங்கினால் பறப்பதை நிறுத்துவதைத் தவிர வேறு பாடம் இல்லை. நீர்த்துளிகள் அகச்சிவப்பு ஒளியைச் சிதறடிக்கும், கேமராவுக்குத் தரை மங்கும், மோட்டாரிலும் சர்க்யூட்டிலும் ஈரம் ஏறும். அதைவிட, ட்ரோன் நம் கண்ணுக்குத் தெரியாது. இந்த மலைகளில் பள்ளத்தாக்கின் வானிலை எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததற்கும், பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்ததையே விசாரணைக் குழு காரணமாகச் சொன்னது. ஆகவே வெளியில் பறக்கும் வகுப்புகளுக்குப் பருவம் பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஜனவரிக்கு மேல் கோடை மழை தொடங்கும்வரைதான் மாவட்டம் முழுவதற்கும் ஓரளவு பொதுவான நல்ல நாட்கள்.

உயிரினங்களையும் விட்டுவிட முடியாது. சில்வர் ஓக், கற்பூர மரங்களின் உயரக் கிளைகளில் மலைத்தேனீ கூடு தொங்கும். அதன் பக்கத்தில் இரைச்சலோடு ஒன்று போய் நின்றால் ட்ரோனுக்கு ஒன்றும் ஆகாது, கீழே நிற்கிற பிள்ளைகளுக்கு ஆகும். தேயிலைக்குள் படுத்திருக்கும் காட்டெருமை மிரண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. டான்சானியாவில் விளைநிலத்துக்குள் வரும் யானைகளை விரட்டவே ட்ரோனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் யானைக்கு அவ்வளவு ஆகாது. 2021-ல் மசினகுடி, கூடலூர்ப் பகுதியில் டி-23 புலியைத் தேடியபோது வனத்துறை ட்ரோன்களை இறக்கியதைப் பார்த்த பிள்ளைகள் 'நாமும் போய்ப் பார்க்கலாமா' என்று கேட்பார்கள். அது பயிற்சி பெற்றவர்கள் அதிகாரத்தோடு செய்த வேலை. முதுமலையிலோ முக்குர்த்தியிலோ வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் எடுத்தால் வழக்கில்தான் போய் நிற்கும்.

எந்த ட்ரோன், என்ன சட்டம்

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் 250 கிராம் வரையுள்ளதை நானோ என்றும், அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ என்றும் பிரிக்கின்றன. நானோவுக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை; மைக்ரோவுக்கும் வணிக நோக்கம் இல்லாதவரை தேவையில்லை. கற்றுக்கொடுக்கிறவர்கள் 250 கிராமுக்குள்ளேயே நிற்பதற்கு இது ஒரு காரணம், மோதினால் காயம் குறைவு என்பது இன்னொன்று. சான்றிதழ் வேண்டாம் என்பதால் எங்கும் பறக்கலாம் என்று பொருளல்ல. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று வான்வெளியை நிறம் வைத்துப் பிரிக்கும் மண்டல விதி எல்லாருக்கும் உண்டு. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எழும்பவே கூடாது. வெலிங்டனில் ராணுவக் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கும் மாவட்டம் இது. இந்த மண்டலங்களைக் காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைத் திறந்து, நிற்கிற இடத்தைத் தொட்டுப் பார்ப்பதை வகுப்பின் ஒரு பாடமாகவே வைக்கலாம்.

வாங்குவதில் ஒரு தடங்கல். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ, பிரித்த பாகங்களாகவோ இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு தடை விதித்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு; உதிரிப்பாகங்களுக்குத் தடையில்லை. ஆக டெல்லோ மாதிரியானவை இங்கே முறையாகக் கிடைப்பது கடினம். பழையதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இந்தியத் தயாரிப்பில் மும்பையின் துரோணா ஏவியேஷன் கொண்டுவந்த புளூட்டோ என்ற ட்ரோன் நானோ வகையில் வருகிறது, நிரல் எழுதிப் பறக்கவிடலாம். அகமதாபாத்தின் ஸ்டெம்பீடியா உருவாக்கிய பிக்டோப்ளாக்ஸ் ஸ்க்ராட்ச் வழியில் வந்த கட்டை மென்பொருள். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சென்சார் எண்களைத் திருப்பி வாங்கும் கட்டைகள் இருக்கின்றனவா? 'போ, திரும்பு, கரணம் போடு' மட்டும்தான் என்றால் அது பொம்மை.

ஒரு ட்ரோன், இருபது பிள்ளைகள்

அரசுப் பள்ளியின் ஹைடெக் லேபில் கணினிகள் நிறைய, ட்ரோன் இருந்தால் ஒன்று. ஒரு பேட்டரிக்கு மலையில் பத்து நிமிடம் என்று வைத்தால் மூன்று பேட்டரிக்கு அரை மணி. ஒவ்வொன்றும் சார்ஜ் ஏற ஒன்றரை மணி நேரம். இருபது பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்றரை நிமிடப் பறப்பு. இதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை என்பேன். தன் முறைக்கு முன்பு நிரலைத் தாளில் எழுதி, தரையில் நடந்து பார்த்து, கணினித் திரையில் ஆமையையோ பூனையையோ ஓட்டிச் சரிபார்த்து வந்தால் அந்த ஒன்றரை நிமிடம் தாராளம். ட்ரோன் இறங்கும் இடத்தை முன்கூட்டியே சுண்ணாம்புக்கட்டியால் குறிக்கச் சொல்ல வேண்டும். உண்மையில் இறங்கிய இடத்தையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்து நோட்டில் ஏற்றினால், ஜன்னல் திறந்திருந்த நாள், விளக்குப் போடாத நாள், செய்தித்தாள் விரித்த நாள் எல்லாம் எண்களில் தெரியும். அறிவியல் பாடத்தில் 'பிழை' என்று ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம் இப்படித்தான் ஒரு பொருளாகக் கண்ணில் படும்.

கையால் ஓட்டும் பயிற்சியை ப்ளாக் கோடிங் ஈடுசெய்யாது. பதினெட்டு வயது ஆகி, பத்தாம் வகுப்புத் தேறி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் ரிமோட் பைலட் சான்றிதழுக்குப் போகிறவர்களிடம் ஸ்டிக் பிடிக்கும் கைதான் எதிர்பார்க்கப்படும். இடது ஸ்டிக்கில் ஏற்றமும் சுழற்சியும், வலது ஸ்டிக்கில் முன்பின்னும் பக்கவாட்டும் என்று விரலில் ஊற வேண்டியது தனிப் பழக்கம். கட்டை அடுக்கிப் பழகியவருக்கு 'யாருடைய முன்னே' என்ற குழப்பம் மட்டும் ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

வகுப்பில் எப்போதும் ஒருவர் நிரல் போடாமல் 'இறங்கு' பொத்தானில் விரலை வைத்து நிற்க வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளுக்குள்ளேயே முறை வைத்துக் கொடுப்பது நல்லது. அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு பொத்தான்களின் வேறுபாடு. 'இறங்கு' என்றால் ட்ரோன் மெதுவாகத் தரைக்கு வரும். 'அவசர நிறுத்தம்' என்றால் நான்கு மோட்டாரும் அந்த நொடியே நிற்கும், இருக்கும் உயரத்திலிருந்து கல்லாக விழும். ஒரு பிள்ளையின் முகத்தை நோக்கிப் போகும்போது மட்டும் இரண்டாவது, மற்றபடி சுவரை நோக்கிப் போனாலும் முதலாவது. இறக்கை உடைந்தால் வேறு மாட்டிக்கொள்ளலாம், அதற்குத்தான் பெட்டியிலேயே நாலு உபரியாக வைத்திருக்கிறார்கள்.